கப்பலில் வந்த பிரிவுகள், மண்ணில் இருந்த பிரிவுகள்: தென்னிந்தியத் திருச்சபை இணைப்பு குறித்து ஓர் ஆய்வு

1. சொல்லும் எல்லையும்

கிறிஸ்தவர்கள் ஒன்றுசேர்வதைக் குறிக்கும் சொல்லிலேயே தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்னும் ஒன்றுசேரவில்லை. சீர்திருத்தச் சபையார் அதை 'ஐக்கியம்' என்கிறார்கள். கத்தோலிக்கர் 'ஒன்றிப்பு' என்கிறார்கள். பேச்சு வழக்கிலோ ஐக்கியம் என்றால் வாலிபர் கூடுகை, பெண்கள் கூடுகை என்று வாரக் கூட்டத்தையும் குறித்துவிடுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே பொருளை வரையறுத்துக்கொள்வது நல்லது.

ஐக்கியம் என்பதில் மூன்று படிகள் உண்டு. வெவ்வேறு சபையார் சேர்ந்து மருத்துவமனை, கல்லூரி, வேதாகமச் சங்கம் நடத்துவது முதற்படி. ஒருவர் சபையில் மற்றவர் திருவிருந்து பெறுவதும் ஒருவர் போதகரை மற்றவர் போதகராக ஏற்பதும் இரண்டாம் படி. தனித்தனிச் சபைகள் தங்கள் பெயரையும் நிர்வாகத்தையும் விட்டுக்கொடுத்து ஒரே சபையாகிவிடுவது மூன்றாம் படி. முதற்படிக்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. மூன்றாம் படிக்கு மிக அரிது. அந்த அரிதான ஒன்று, தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவான இணைப்பு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் நிகழ்ந்தது. பேராயர் ஆட்சி உள்ள ஒரு சபையும் அது இல்லாத சபைகளும் சீர்திருத்த காலத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒன்றானது அன்றுதான் என்று திருச்சபை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

அந்த இணைப்பு எதைச் சேர்த்தது, எதைச் சேர்க்காமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்ப் பகுதிகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளின் கதை தேவையான இடத்தில் மட்டும் வரும்.

2. ஊர் பிரித்த சபைகள்

ஐரோப்பாவில் ஒருவர் ஆங்கிலிக்கனா பிரஸ்பிட்டேரியனா என்பதன் பின்னால் அரசர்கள், போர்கள், சட்டங்கள், இறையியல் வாதங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் அதை நிர்ணயித்தது பெரும்பாலும் ஊர். மிஷன் சங்கங்கள் ஒன்றின் பகுதியில் மற்றொன்று புகுவதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன. மதுரையும் யாழ்ப்பாணமும் அமெரிக்கன் மிஷனுக்கு. நாகர்கோவில், சேலம், கோயம்புத்தூர் லண்டன் மிஷனுக்கு. ஆற்காடு அமெரிக்கச் சீர்திருத்தச் சபைக்கு. தஞ்சைப் பகுதியில் லைப்சிக் லுத்தரன்கள். திருநெல்வேலி ஆங்கிலிக்கருக்கு.

திருநெல்வேலிக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் சி.எம்.எஸ்.; நாசரேத்தும் முதலூரும் இடையன்குடியும் எஸ்.பி.ஜி. இரண்டும் ஆங்கிலிக்கச் சங்கங்களே. இருந்தும் 1877இல் எஸ்.பி.ஜி.க்குக் கால்டுவெல், சி.எம்.எஸ்.க்குச் சார்ஜன்ட் என்று இரண்டு துணைப் பேராயர்களை ஒரே நாளில் அபிஷேகம் செய்ய வேண்டியிருந்தது.

இதனால் விளைந்த நிலை வேடிக்கையானது. கால்வினின் முன்னியமனக் கோட்பாட்டைக் கேள்விப்படாத ஒருவர் பிறந்த ஊரால் கால்வின் மரபினர் ஆனார். மதுரையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றலாகிப் போனவர் 'இங்கே ஐயர் ஏன் அங்கி போட்டுக்கொண்டு ஜெபத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார்?' என்று திகைத்தார். வேறுபாடு கண்ணில் பட்டது. அதன் காரணம் மனதில் இல்லை. ஐக்கிய முயற்சி மற்ற நாடுகளைவிட இங்கே முன்னதாக வேர்பிடித்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்பது என் கணிப்பு. காரணம் வேரூன்றாத பிரிவை எடுப்பது எளிது.

1908இலேயே பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுச் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை, அதாவது எஸ்.ஐ.யு.சி., உருவாகியிருந்தது. ஆனால் அவ்விரண்டிலும் பேராயர் இல்லை. கடினமான முடிச்சை அந்த இணைப்பு தொடவே இல்லை.

3. தரங்கம்பாடி, 1919

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 போதகர்கள் கூடினார்கள். ஆங்கிலிக்கரும் எஸ்.ஐ.யு.சி.யினரும். 31 பேர் இந்தியர். ஒருவர் அமெரிக்கர், ஒருவர் ஆங்கிலேயர். முன்நின்றவர் தோர்ணக்கல் பேராயர் வி. எஸ். அசரியா. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமப் போதகருக்குப் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அதற்கு இரண்டாண்டு முன்பு எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து, தியாகம் செய்தீர்கள், தானம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசி வெள்ளையர்களை நெளிய வைத்தவரும் அவரே.

கூடியவர்கள் வெளியிட்ட அறிக்கை சுருக்கமானது. பிரிவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, அவை வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை என்றது. இணைப்புக்கு நான்கு அடிப்படைகளை வைத்தது: திருமறை; அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்கள்; ஞானஸ்நானம், திருவிருந்து எனும் இரு திருச்சடங்குகள்; உள்ளூர்ச் சூழலுக்கேற்ப அமைந்த வரலாற்றுப் பேராயர் மரபு. இந்த நான்கும் 1888இல் ஆங்கிலிக்கப் பேராயர்களின் லம்பெத் மாநாடு ஏற்றவையே, புதியவை அல்ல. புதியது நான்காவதைப் பற்றி அவர்கள் சேர்த்த விளக்கம். பேராயர் என்ற நடைமுறையை ஏற்கிறோம். அது ஏன், எப்படி வந்தது என்ற எந்தக் கோட்பாட்டையும் யாரும் ஏற்கத் தேவையில்லை என்றார்கள். அதோடு சபைக்குள் மூன்று கூறுகள் உண்டு என்றும் எழுதினார்கள். முழுச் சபையாரின் உரிமை காங்கிரிகேஷனல் கூறு. பிரதிநிதிகளின் மன்றம் பிரஸ்பிட்டேரியன் கூறு. செயலாற்றும் தலைமை பேராயர் கூறு. மூவரும் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு முழுமை என்று நினைத்திருந்தார்கள் என்பது இதன் உட்பொருள்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் கப்பலிறங்கிய ஊர் தரங்கம்பாடி. தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளுக்கெல்லாம் தாய்வீடு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. ஆனால் அந்த வீட்டின் உரிமைக்காரர் லுத்தரன்கள். அதே ஊரில் அதே ஆண்டு, மாநாட்டுக்கு மூன்றரை மாதம் முன்பு, ஜனவரி 14 அன்று, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக நிறுவப்பட்டிருந்தது. ஐக்கிய அறிக்கை பிறந்த மண்ணின் சபை இன்றுவரை அந்த ஐக்கியத்தில் இல்லை.

4. இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சு

இரண்டு நாளில் எழுதியதை நிறைவேற்ற 28 ஆண்டுகள் ஆயின. கூட்டுக் குழு 1920இல் தொடங்கியது. 1925இல் பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள். 1929இல் முதல் இணைப்புத் திட்டம் அச்சாகி, திருத்தித் திருத்தி 1940களின் தொடக்கத்தில் ஏழாம் பதிப்பு வந்தது. பசுமலையில் பணியாற்றிய பானிங்காவும் பம்பாய்ப் பேராயர் பால்மரும் இந்தப் பேச்சுகளின் தூண்கள்.

இடித்தது எங்கே? பேராயர் வேண்டுமா என்பதில் இல்லை. பேராயர் கைவைக்காமல் ஏற்கெனவே பட்டம் பெற்ற எஸ்.ஐ.யு.சி., மெதடிஸ்ட் போதகர்களை என்ன செய்வது என்பதில்தான். மறுபடி கைவைத்தால் அதுவரை அவர்கள் கொடுத்த திருவிருந்து செல்லாதது என்று ஆகிவிடும். கைவைக்காமல் விட்டால் ஆங்கிலிக்கருக்கு மனச்சாட்சி உறுத்தும். எந்தப் போதகருக்காவது, 'ஐயா, இத்தனை வருஷம் நீங்கள் கொடுத்த அப்பமும் ரசமும் கணக்கில் வராது' என்று சொல்ல முடியுமா? இந்த முடிச்சை அவிழ்க்காமலே கயிற்றைப் பயன்படுத்தும் வழியைத் திட்டம் கண்டுபிடித்தது. எல்லாச் சபைப் போதகர்களும் உள்ளபடியே ஏற்கப்படுவார்கள், யாருக்கும் மறுபட்டம் இல்லை. இணைப்புக்குப் பின் புதிதாக வருபவர்கள் அனைவருக்கும் பேராயர் பட்டமளிப்பார். 30 ஆண்டுகள் இரு வகையினரும் கலந்து பணிபுரிவார்கள். அதன் பிறகு வேறு மரபிலிருந்து வருவோர் குறித்துச் சபையே தீர்மானித்துக்கொள்ளும். இடைக்காலத்தில், ஒரு சபையார் மனமார ஏற்க முடியாத போதகரை அவர்கள் மேல் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியும் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் வெறுமனே 'வாக்கு' என்றே பெயர் பெற்ற அந்தப் பத்திக்காக எழுதப்பட்ட எதிர்ப்பும் ஆதரவும் ஒரு நூலகத்தையே நிரப்பும்.

மறுபுறத்திலிருந்தும் நெருக்கடி வந்தது. 1930களில் எஸ்.ஐ.யு.சி.யினர், சபையார் எல்லாரும் ஆசாரியர்களே என்றால், பட்டம் பெறாத விசுவாசியும் திருவிருந்து நடத்தலாமே என்று வலியுறுத்தினார்கள். காங்கிரிகேஷனல் தர்க்கப்படி அது சரியே. ஆங்கிலிக்கர் மிரண்டார்கள். பேச்சு ஏறக்குறைய முறிந்து, பிறகு அந்தக் கோரிக்கை மெல்லப் பின்வாங்கியது. கிராமங்களில் போதகர் மாதத்துக்கு ஒருமுறைகூட எட்டிப்பார்க்க முடியாத நிலையில், உபதேசியார்தான் சபையை நடத்தினார் என்பதை நினைத்தால், அந்தக் கோரிக்கை வெறும் கொள்கைப் பிடிவாதமாகத் தோன்றவில்லை. அது இன்னும் தீராத தேவை.

இங்கிலாந்தில் எதிர்ப்பு இன்னும் கடுமை. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இத்திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூலே எழுதினார். ஆங்கிலோ கத்தோலிக்கப் பிரிவினருக்கு இது அப்போஸ்தல மரபை அடகு வைப்பதாகப் பட்டது. எதிர்த்தவர்கள் முட்டாள்கள் அல்ல. ஒரு கோட்பாடும் இல்லாமல் நடைமுறையை மட்டும் ஏற்பது உண்மையில் ஏற்பதுதானா என்ற அவர்கள் கேள்விக்கு இணைப்பாளர்கள் தரப்பில் நேரான பதில் இருக்கவில்லை. கோட்பாட்டைப் பிறகு, சேர்ந்து வாழ்ந்து கண்டுபிடித்துக்கொள்வோம் என்பதே அவர்கள் பதில். ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியனாகக் காஞ்சிபுரத்துக்கு வந்த லெஸ்லி நியூபிகின் 1948இல் ஒரு நூல் எழுதி இந்தப் பதிலுக்கு இறையியல் முதுகெலும்பு தந்தார்.

மெதடிஸ்டுகள் 1943இலும், இந்தியா பர்மா இலங்கை ஆங்கிலிக்க சபை 1945 ஜனவரியிலும், எஸ்.ஐ.யு.சி. 1946இலும் இசைவு தந்தன. அசரியா 1945 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். தம் சபை இசைவு தந்ததை அவர் பார்க்கவில்லை.

5. சேர்ந்த நாளும் சேர்ந்த பிறகும்

நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இணைப்பு ஆராதனை நடந்தது. தலைமை வகித்தவர் திருவிதாங்கூர் பேராயர் சி. கே. ஜேக்கப். ஆங்கிலிக்கப் பேராயர்கள் ஐவர். புதிதாக அபிஷேகம் பெற்றவர்கள் ஒன்பது பேர். மதுரை-இராமநாதபுரத்துக்கு நியூபிகின், யாழ்ப்பாணத்துக்கு எஸ். குலேந்திரன். இதனால் தென்னிந்தியத் திருச்சபை பிறக்கும்போதே ஒரு பேராயம் கடலுக்கு அப்பால் இலங்கையில் இருந்தது. 37 வயதில் பேராயரான நியூபிகின், பேராயரே இல்லாத மரபில் வளர்ந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

எல்லாரும் சேர்ந்துவிடவில்லை. எஸ்.ஐ.யு.சி.யின் வட தமிழ் மன்றம் தயங்கி நின்று 1950இல்தான் வந்தது. அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பேராயம் அமைந்து, பக்தி இலக்கிய வழியில் இறையியல் எழுதிய ஏ. ஜே. அப்பாசாமி அதன் முதல் பேராயரானார். ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் இணைய மறுத்துப் பல ஆண்டுகள் தனித்து நின்றார்கள். அமெரிக்க மெதடிஸ்டுகள் இணைப்புக்கே வரவில்லை. 1948 லம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கப் பேராயர்கள் புதிய சபையின் பட்டங்களை ஏற்பதில் இரண்டுபட்டார்கள்.

இங்கே மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1950இல் மதுரையில் கூடிய, சபையின் பொது மன்றமான சினாடில் புதிய திருவிருந்து ஒழுங்கு முதன்முதலாகப் பயன்பட்டது. போதகர் மேசைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நின்றார். சுரியானி மரபிலிருந்து சமாதானம் பகிர்தலை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் உள்ளங்கைகளுக்குள் மற்றவர் கைகளை வைத்து, வரிசை வரிசையாக ஆலயத்தின் கடைசிப் பலகை வரை அது கைமாறிப் போகும். கோட்பாட்டில் ஒத்துக்கொள்ளாத இருவர் கைகளைக் கொடுத்தே ஆகவேண்டிய ஏற்பாடு. வழிபாட்டு அறிஞர்கள் உலகெங்கும் இந்த ஒழுங்கை ஆராய்ந்தார்கள். வேறு சபைகள் பின்பற்றவும் செய்தன. இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சில் கிடைக்காதது பல இடங்களில் இந்த ஒரு மணி நேர ஆராதனையில் கிடைத்தது என்று நான் துணிந்து சொல்வேன்.

பாட்டும் அப்படியே. லுத்தரன் மரபில் வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை எந்தச் சபையார் எங்கள் பாட்டு என்று சொல்லவில்லை?

பழைய பெயர்கள் மட்டும் போகவில்லை. திருநெல்வேலிக்காரர் திருமண்டலம் என்பதைச் சென்னைக்காரர் பேராயம் என்பார். நாகர்கோவில் பக்கம் 'நாங்க எல்.எம்.எஸ்.' என்று பேரப்பிள்ளைகள்கூடச் சொல்லக் கேட்கலாம். லண்டன் மிஷன் என்ற அமைப்பே இன்று இல்லை.

6. திட்டத்தில் எழுதப்படாதவை

தரங்கம்பாடி அறிக்கையின் முதல் வாதத்துக்குத் திரும்புவோம். பிரிவுகள் வெளியிலிருந்து வந்தவை என்றார்கள். இது பாதி உண்மை. கப்பலில் வந்த பிரிவுகள் அவ்வாறு வந்தவையே. மறுபாதிக்கு இரண்டு சான்றுகள் தருகிறேன்.

முதலாவது: 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டார். தஞ்சையில் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பந்தியும் இருக்கையும் திருவிருந்துக் கிண்ணமுமே சண்டைக்குப் பொருள். அந்த நூற்றாண்டின் நடுவில் லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் இளக்கமாக இருந்ததால், ஆங்கிலிக்க சபையிலிருந்து பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் லுத்தரன் ஆனது விசுவாசத்தினால் நீதிமானாதல் என்ற கொள்கைக்காக அல்ல.

இரண்டாவது: 1857இல் நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் ஆங்கிலிக்க சபையை உடைத்துக்கொண்டு தனிச் சபை தொடங்கினார். மிஷனரி ஆதிக்கமும் நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் எழுதியவையும் அந்தக் கோபத்தின் எரிபொருள். ஞாயிற்றை விட்டுச் சனிக்கிழமை ஆராதித்தார்கள். ஐரோப்பாவில் இல்லாத ஒரு பிரிவு, நம் பனங்காட்டிலேயே முளைத்தது.

இணைப்புத் திட்டத்தில் பட்டம், பேராயர், விசுவாசப் பிரமாணம், சினாடு என்று எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. மண்ணில் இருந்த இந்தச் சாதிப் பிரிவுக்கு ஈடான ஏற்பாடு இல்லை. இணைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அசரியாவின் தோர்ணக்கல் சபையில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். ஆனால் பேச்சுமேசையில் எதிரே உட்கார்ந்தவர்கள் ஆங்கிலிக்கரும் காங்கிரிகேஷனலாரும். எனவே பேசப்பட்டதும் அவர்களுக்கு இடையிலான வேறுபாடே. பேராயர் தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்ற கணக்கு நடப்பதைச் சபையார் மறைப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை இருக்கும் ஊர்கள் கத்தோலிக்கரிடமும் உண்டு, சீர்திருத்தச் சபையாரிடமும் உண்டு. சொத்து இன்னொரு பிரிவு. மிஷன்கள் விட்டுச்சென்ற நிலமும் பள்ளிகளும் ஒரே அறக்கட்டளைக்குக் கீழே வந்ததும், யார் நிர்வகிப்பது என்ற வழக்குகள் நீதிமன்றங்களை நிரப்பின.

இதை வைத்து இணைப்பே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இணைந்திராவிட்டால் சாதிக்கொரு சபை என்று பிரிந்துபோக வழி திறந்தே இருந்திருக்கும். ஒரே சபையாக இருப்பதால்தான் ஒடுக்கப்பட்டோர் பேராயர் நாற்காலியைக் கேட்கவும், சில இடங்களில் பெறவும் முடிந்தது.

7. லுத்தரனும் கத்தோலிக்கரும்

லுத்தரன்களோடு பேச்சு 1948 முதல் நடந்தது. நியாயப்பிரமாணம், திருவிருந்து, தெரிந்தெடுப்பு எனப் பல தலைப்புகளில் இசைவு அறிக்கைகள் வந்தன. பொது வினாவிடைகூடத் தயாரானது. ஆனாலும் இணைப்பு நடக்கவில்லை. பேச்சின் பலனாக நின்றது, 1969இல் மதுரை அரசரடியில் இரு தரப்பும் சேர்ந்து அமைத்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி. ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் கிரேக்கம் படித்த இருவர், ஊருக்குப் போய் வெவ்வேறு பேராயர் கையால் பட்டம் பெறுகிறார்கள்.

கத்தோலிக்கரோடு கதை மொழியில் தொடங்குகிறது. கடவுளைச் சர்வேசுரன் என்றது ஒரு தலைமுறை, வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார், பவர் குழுவினரின் 1871 மொழிபெயர்ப்பு தேவன் என்றது. பரிசுத்த ஆவியைப் போர்த்துகீசிய வாடையோடு 'இஸ்பிரீத்து சாந்து' என்றார்கள் கத்தோலிக்கர். அவர்களின் இராயப்பர் சீர்திருத்தச் சபையாருக்குப் பேதுரு, சின்னப்பர் பவுல், அருளப்பர் யோவான். ஒரே தெருவில் அருளப்பனும் யோவானும் வளர்ந்து, தங்களுக்கு ஒரே பெயர் என்பதை அறியாமலே போனார்கள். பவர் மொழிபெயர்ப்புக்கே பல மிஷன்கள் சேர்ந்த குழு உழைத்தது. அதையும் லுத்தரன்கள் ஏற்காமல் பப்ரிசியுஸையே வைத்துக்கொண்டார்கள்.

1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஆணையை வெளியிட்டபின், அதுவரை சீர்திருத்தச் சபை ஆராதனையில் கலந்துகொள்ளவே தடை பெற்றிருந்த கத்தோலிக்கர், ஜனவரி 18 முதல் 25 வரையிலான ஒன்றிப்பு வாரத்தில் சேர்ந்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். 1995இல் இரு தரப்பு அறிஞரும் செய்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. அதில் தேவனுக்கும் சர்வேசுரனுக்கும் பதில் கடவுள் வந்தார். இராயப்பர் விட்டுக்கொடுத்துப் பேதுரு ஆனார். ஞானஸ்நானம் விட்டுக்கொடுத்துத் திருமுழுக்கு ஆனது. கத்தோலிக்கத் திருப்பலியில் அதுவே வாசிக்கப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளின் பிரசங்க பீடங்களில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பே திறந்திருக்கிறது. பாட்டி மனப்பாடம் செய்த வசனத்தைக் குழு மாற்றிவிட முடியாது என்பதை இணைப்பாளர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

8. கையெழுத்திட யார்?

இன்று தமிழ்ச் சபைகளைப் பிரிப்பது பேராயர் மரபு அல்ல, தண்ணீர். காலையில் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் பாடகர் குழுவில் நிற்பவரின் மகன் மாலையில் பெந்தெகொஸ்தே கூடுகைக்குப் போகிறான். ஒருநாள் ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வருகிறான். குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்பது அதன் பொருள். 1947 திட்டத்தின் உயிர்நாடி மறுபட்டம் இல்லை என்பது. இங்கே நடப்பது மறு ஞானஸ்நானம். முன்பு ஒருவர் கொடுத்ததை மற்றவர் செல்லாது என்று சொல்லக் கூடாது என்று 28 ஆண்டுகள் பாடுபட்ட சபைக்கு, சொந்தப் பிள்ளைகளே அதைச் சொல்கிறார்கள். சில சேகரங்களில் இப்படிப்பட்டவர்களுக்குத் திருவிருந்து மறுக்கப்படுகிறது. வேறு சில இடங்களில் ஐயர் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்.

வத்திக்கான் 1972 முதல் பெந்தெகொஸ்தேயினரோடு உலக அளவில் உரையாடல் நடத்துகிறது. ஆனால் தரங்கம்பாடி வழியை இங்கே பின்பற்ற முடியுமா என்று பார்த்தால் முதல் படியிலேயே தடை. 1919இல் எதிரெதிரே அமர்ந்தவர்களுக்குப் பின்னால் சினாடும் மன்றமும் பொதுச் சங்கமும் இருந்தன. வாக்கெடுத்து, தோற்று, திருத்தி, மறுபடி வாக்கெடுக்க முடிந்தது. தனிச் சபை நடத்தும் பாஸ்டருக்கு மேலே மன்றம் இல்லை. சபை ஒரு டிரஸ்ட். டிரஸ்டியாகப் பெரும்பாலும் அவரும் அவர் குடும்பத்தாரும். ஒரே சாலையில் அப்படி ஐந்து சபைகள் இருந்தால், ஐக்கியப் பேச்சுக்கு ஐந்து கடிதம் எழுத வேண்டும். அதில் ஒருவர் இசைந்தாலும் மற்ற நால்வரை அது கட்டுப்படுத்தாது. அடுத்த ஞாயிறு ஆறாவது ஒன்று மாடியறையில் தொடங்கியிருக்கும்.